கப்பல் ஆன்டெனாவின் வேவ்கைடு இணைப்புகளும் கடல் அரிப்பும்: ஒரு மீள்பார்வை

கப்பலின் உச்சியில் சுழலும் ரேடார் ஆன்டெனாவுக்கும் கீழே அறையில் இருக்கும் அனுப்பு-ஏற்புக் கருவிக்கும் நடுவே நுண்ணலையைக் கொண்டுபோவது கம்பி அல்ல, உள்ளே வெறுமையான ஒரு செவ்வக உலோகக் குழாய். பாடநூல்கள் அலைவழி என்று எழுதுவதும் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் வேவ்கைடு என்று சொல்வதும் இதைத்தான். இதை ஒரே துண்டாகக் கம்பத்தில் ஏற்ற முடியாது. துண்டு துண்டாக ஏற்றி, ஒன்றின் முனைத் தட்டான ஃபிளாஞ்சை அடுத்ததன் ஃபிளாஞ்சோடு முகத்துக்கு முகம் வைத்து, நான்கு போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். வளைவு, நெகிழ்குழாய், சுழல் இணைப்பு என்று வழியில் எது வந்தாலும் அங்கே இன்னும் இரண்டு முகங்கள் சேரும்.

சிக்கல் அந்த முகங்களில் இருக்கிறது. மின்னோட்டம் தடையின்றிப் போக வேண்டுமானால் வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொட வேண்டும். கடல் காற்றில் உலோகம் பிழைக்க வேண்டுமானால் அதை மூடிவைக்க வேண்டும். ஒரே பரப்பிடம் இரண்டையும் கேட்கிறோம். அப்படியானால் எதை விட்டுக்கொடுப்பது? ரேடார் கடலுக்கு வந்த நாளிலிருந்து இதற்குப் பலர் பல விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றின் வேர் ரேடாரைவிட மிகப் பழையது.

பழுப்புத் தாளும் துத்தநாகத் துண்டும்

1761இல் பிரிட்டிஷ் கடற்படை எச்எம்எஸ் அலாரம் என்ற போர்க்கப்பலின் மர அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தியது. கப்பல்புழு மரத்தைத் துளைக்காமலும் பாசி ஏறாமலும் இருப்பதற்கான ஏற்பாடு அது. மேற்கிந்தியத் தீவுக் கடலில் ஓடிவிட்டு வந்த கப்பலை 1763இல் சோதித்தபோது, தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் துருச் சேறாகக் கரைந்து தகடுகள் கழன்றிருந்தன. சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புத் தாள் அந்த இடங்களில் உரிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே தங்கிவிட்டிருந்தது. வோல்ட்டா தன் மின்கல அடுக்கை அறிவித்தது 1800இல்தான். காரணம் விளங்குவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு கண்ணுக்குப் பட்டுவிட்டது: இரண்டு உலோகங்களையும் பிரித்துவை.

இரண்டாவது விடை ஹம்ப்ரி டேவியுடையது. செம்போடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். எச்எம்எஸ் சமராங் என்ற கப்பலில் இரும்புக் கட்டிகள் பொருத்திப் பார்த்தார்கள். செம்பு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்புதான் பாசியை அண்டவிடாமல் வைத்திருந்தது என்பதால், அது நின்றதும் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியும் ஏறின. 1825இல் கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. ஒரு கெடுதலைத் தடுக்கும்போது அதை நம்பியிருந்த வேறொரு நன்மையும் போய்விடலாம் என்ற இந்தப் படிப்பினை, வேவ்கைடு இணைப்புகளின் கதையிலும் திரும்பத் திரும்ப வரும்.

நீர்மட்டத்துக்கு மேலே இந்த இரண்டு விடைகளும் அப்படியே செல்லுபடியாவதில்லை. துத்தநாகம் தன்னைப் பலிகொடுக்க, அதற்கும் காக்கப்படும் உலோகத்துக்கும் நடுவே தொடர்ச்சியான உப்புநீர் வேண்டும். ஃபிளாஞ்சின் மேல் படிவதோ அறுந்து அறுந்து நிற்கும் மெல்லிய ஈரப்படலம். அதன் வழியே பாதுகாப்பு மிகக் குறுகிய தூரத்தையே எட்டும். பழுப்புத் தாளை வைத்துப் பிரிக்கலாம் என்றால், மின்தொடர்பு போய்விடும்.

ஒரு மைக்ரானுக்குள் நடப்பது

வெறுங்குழாய் வழியே அலை செல்லும் என்பதை ராலே பிரபு 1897இல் கணக்கிட்டுக் காட்டினார். பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் சவுத்வொர்த்தும் எம்ஐடியின் வில்மர் பாரோவும் தனித்தனியாக அதைச் செய்துகாட்டி 1936இல் அறிவித்தார்கள். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் குழிவு மேக்னட்ரான் பிறந்ததும் சென்டிமீட்டர் அலை ரேடார் கைக்கு எட்டியது. 1941இல் எச்எம்எஸ் ஆர்கிஸ் என்ற சிறு போர்க்கப்பலில் 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் டைப் 271 ரேடார் சோதிக்கப்பட்டது.

இன்றைய வணிகக் கப்பல்களில் பெரும்பாலும் காணப்படுவது 9.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்-பேண்ட் ரேடார். அதற்குரிய டபிள்யூஆர்-90 குழாயின் உள்ளளவு 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் ஆழத்துக்குள் இறங்குவதில்லை. செம்பில் ஏறக்குறைய 0.7 மைக்ரான், அலுமினியத்தில் ஏறக்குறைய 0.85 மைக்ரான் ஆழத்திலேயே அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கலாம். அலையைப் பொறுத்தவரை உள்தோல் மட்டுமே குழாய். கட்டுமானப் பொறியாளர் பொருட்படுத்தாத மெல்லிய அரிப்பு, நுண்ணலைக்காரருக்கு வழித்தடமே கெட்டுப்போனதாகிவிடுகிறது.

இழப்பு எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும்? ரேடார் எட்டும் தூரம், ஆற்றலின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தது. குழாய்வழியில் ஒருவழிக்கு 1 டெசிபல் கூடுதலாகப் போனால், போய்வர 2 டெசிபல். எட்டும் தூரம் சுமார் 11 விழுக்காடு குறையும். ஒருவழிக்கு 3 டெசிபல் போனால் குறைவு சுமார் 29 விழுக்காடு. இதில் ஆபத்தானது அளவைவிட அது வரும் விதம். திரையில் படம் இருக்கும்; பெரிய கப்பல்கள் தெரியும்; மீன்பிடிப் படகும் மிதவையும் மட்டும் முன்பைவிடச் சற்றுத் தாமதமாகத் தெரியும். நாளுக்கு நாள் வித்தியாசம் புலப்படாது. இந்தப் பொருளைப் பற்றி எழுதுவதற்கே முதல் காரணம் அந்தச் சிறு படகுதான்.

வேறு இரண்டு கெடுதல்களும் உண்டு. பல பத்துக் கிலோவாட் உச்ச ஆற்றல் போகும் குழாயில், அரித்த முகங்களின் இடைவெளியில் பொறி பறக்கலாம். அது முகத்தைக் கரியாக்கி இழப்பை மேலும் கூட்டும். அடுத்தது, உலோகம்-ஆக்ஸைடு-உலோகம் என்று அடுக்கான தொடர்பு டையோடு போல நடந்துகொண்டு, தன் வழியே போகும் அலைகளைக் கலந்து புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். துருப்பிடித்த போல்ட் விளைவு என்று வானொலித் துறையினர் இதைச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் வேண்டிய செயற்கைக்கோள் தொடர்பில் இது பெரிய தலைவலி.

உப்பு ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும்

அலை அடித்தால்தான் இணைப்பு நனையும் என்று நினைப்பது இயல்பு. கம்பத்தின் உச்சிக்கு அலை எட்டுவதில்லை, உப்புத் தூசி எட்டுகிறது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு சுமார் 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடி கசிவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடலில் 33 விழுக்காட்டுக்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் நாள் அரிது. ஆகவே உப்புப் படிந்த ஃபிளாஞ்ச் ஏறத்தாழ எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. வளிமண்டல அரிப்புக்கான ஐஎஸ்ஓ 9223 தரநிலை, ஈரநேரத்தை ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் வெப்பம் 0 டிகிரிக்கு மேலும் உள்ள மணிநேரங்களாகக் கணக்கிட்டு வந்தது. உப்புப் படிந்த பரப்புக்கு அந்தக் கணக்கு குறைத்துச் சொல்வதாகவே இருக்க வேண்டும்.

ஈரம் இருப்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் இரும்பின் மேல் ஒரு துளி உப்புநீரை வைத்துக் காட்டினார். ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்கும் துளியின் விளிம்பு பிழைத்தது, ஆக்ஸிஜன் எட்டாத நடுப்பகுதி கரைந்தது. ஒரே உலோகம், ஒரே துளி. காற்று கிடைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வே மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. ஃபிளாஞ்சின் இரண்டு முகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பிளவு இந்தச் சோதனையின் நிரந்தர வடிவம். உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்ததும் குளோரைடு குவிந்து கரைசல் அமிலமாகிறது. வெளியே நன்றாகத் தெரியும் ஃபிளாஞ்ச் உள்ளே குழிந்திருப்பது இதனால்தான்.

கழற்றிய அலுமினிய ஃபிளாஞ்சைக் கூர்ந்து பார்த்தால் அரிப்பின் வரலாறே எழுதியிருக்கும். ஓரத்திலிருந்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் வரை வெள்ளைப் பொடி பூத்து, பள்ளத்தின் உள்விளிம்பில் கோடு போட்டாற்போல நின்றிருந்தால், ரப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது. பொடி பள்ளத்தைத் தாண்டி உள்வாய் வரை போயிருந்தால், ரப்பர் தோற்று நாளாகிவிட்டது. நான்கு போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் வட்டமாகக் குழி விழுந்திருந்தால், குற்றம் போல்ட்டின் உலோகத்துடையது. வெள்ளைப் பொடிக்கு அது உண்டான அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். அது முகங்களை நெம்பி விலக்கி, ஓ-ரிங்கின் மேலிருந்த அழுத்தத்தைத் தளர்த்தி, அடுத்த துளிக்கு வழிவிடுகிறது.

உலோகங்களைப் பொருத்திப் பார்க்கும் வழி

முதல் நிலைப்பாடு உலோகவியலாளர்களுடையது. ஒத்த உலோகங்களைச் சேர்த்தால், வேறுபட்ட உலோகங்கள் தொடுவதால் உண்டாகும் கால்வானிக் அரிப்பு வராது என்பது அதன் சாரம். கடல்நீரில் உலோகங்களின் மின்னழுத்த வரிசையில் அலுமினியக் கலவைகளுக்கும் செம்புக்கும் நடுவே அரை வோல்ட் அளவில் இடைவெளி உண்டு. வெள்ளிக்கு அதைவிட அதிகம். கடுமையான வெளிச்சூழலில் 0.15 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமுள்ள உலோகங்களைச் சேர்க்காதே, சாதாரணக் கிடங்குச் சூழலில் 0.25 வரை பொறுக்கலாம் என்ற கைக்கணக்கு பொறியாளர்களிடையே நெடுநாளாகப் புழங்குகிறது.

இதன் பலவீனம், மின்னழுத்தம் திசையைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது என்பது. வேகத்தை முடிவுசெய்வது பரப்புகளின் விகிதம். பெரிய அலுமினிய ஃபிளாஞ்சில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இழப்பு பரந்த பரப்பில் பகிரப்படும் என்பதால் பொறுக்கலாம் என்பார்கள். ஆனால் ஈரப்படலம் மெல்லியதாக இருக்கையில் அந்தப் பெரிய பரப்பு முழுவதும் கணக்கில் சேர்வதில்லை. போல்ட்டை ஒட்டிய சில மில்லிமீட்டரே இழப்பைத் தாங்குகிறது. போல்ட்டின் கீழ் வட்டக் குழி விழுவதும் மரைக்குள் போல்ட் இறுகிப்போவதும் இதனால்தான். இன்னொன்றும் உண்டு: தொடாத உலோகமும் கெடுதல் செய்யும். மேலே செம்பிலோ பித்தளையிலோ ஆன குழாய் இருந்து, அதிலிருந்து வழியும் மழைநீர் கீழே அலுமினியத்தின் மேல் விழுந்தால், நீரோடு வரும் செம்பு அயனிகள் அலுமினியத்தின் மேல் படிந்து ஆயிரம் குட்டி மின்கலங்களாகும்.

வெள்ளி முலாம் இந்த நிலைப்பாட்டின் கிளை. வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும், ஆகவே உள்முகத்துக்கு அதுவே சிறந்தது என்பது நுண்ணலைக்காரர்களின் பழைய விருப்பம். உலர்ந்த குழாய்க்குள் அந்த விருப்பம் நியாயமானது. கடல் காற்றுப் படும் ஃபிளாஞ்ச் முகத்தில், குறிப்பாக அடியில் அலுமினியம் இருந்தால், முலாமின் ஒவ்வொரு ஊசித்துளையும் அடி உலோகத்தைக் கூர்மையாகத் தோண்டும் வாயாகிவிடுகிறது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் பூச்சு போன இடத்தில் களிம்பு ஏறும். இங்கே அதைவிட மோசம், ஏனென்றால் மேலே இருப்பது அடி உலோகத்தைப் பலிகொள்ளும் உலோகம்.

மெல்லிய பூச்சு, பெரிய சிக்கல்

இரண்டாவது நிலைப்பாடு, மின்சாரத்தை விடும், நீரை விடாத பூச்சு ஒன்றைத் தேடியது. ஆனோடைஸ் செய்த அலுமினியம் நன்றாகத் தாங்கும். ஆனால் அந்த ஆக்ஸைடு மின்காப்பு. ஃபிளாஞ்ச் முகத்துக்கு உதவாது. எண்ணெய்ச் சாயமும் அப்படியே. எஞ்சியது குரோமேட் மாற்றப் பூச்சு. ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய இந்தப் படலத்தை முகங்களின் நுண்மேடுகள் முறுக்கும்போது குத்திக்கொண்டு உலோகத்தோடு உலோகம் தொட்டுவிடும். மற்ற இடங்களில் படலம் நின்று காக்கும். அமெரிக்க ராணுவத் தரநிலை மில்-டிடிஎல்-5541 இதற்கென்றே மூன்றாம் வகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. பூசியவுடன் சதுர அங்குலத்துக்கு 5 மில்லிஓம், 168 மணிநேர உப்புத்தெளிப்புக்குப் பின் 10 மில்லிஓம் என்பது அதன் தடை வரம்பு.

குரோமேட்டின் தனிச்சிறப்பு அதன் தானே ஆறும் குணம். கீறல் விழுந்தால் படலத்தில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் ஈரத்தில் கரைந்து, கீறலுக்கு நகர்ந்து அதை மூடுகிறது. இதே ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதியின்றிக் குரோமியம் ட்ரையாக்ஸைடைப் பயன்படுத்த முடியாது. முலாம் பட்டறைத் தொழிலாளர்களின் நுரையீரலை வைத்துப் பார்த்தால் இந்தத் தடை தாமதமாக வந்ததே தவிர மிகையானது அல்ல. மாற்றாக அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் உருவாக்கிய மூன்று இணைதிறன் குரோமியப் பூச்சு பரவலாகியிருக்கிறது. உப்புத்தெளிப்புச் சோதனைகளில் அது நன்றாகத் தாங்குகிறது. கீறல் ஆறும் குணம் பழைய குரோமேட்டுக்கு ஈடாக உண்டா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. பழைய குரோமேட்டும் குறையற்றதல்ல. சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால் அந்தப் படலம் நீரிழந்து வெடித்துக் காக்கும் தன்மையைப் பெருமளவு இழக்கும். புகைபோக்கிக்கு அருகே, வெப்பமண்டல வெயிலில் நிற்கும் கம்பத்தில் இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

மின்கடத்தும் ரப்பர் கேஸ்கெட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலிக்கோனில் வெள்ளித் துகள் கலந்தால் நீரையும் தடுக்கும், மின்சாரத்தையும் விடும் என்ற யோசனை அழகானது. அலுமினிய ஃபிளாஞ்சுக்கு நடுவே வைத்தால் வெள்ளி அலுமினியத்தைத் தின்றது. வெள்ளி பூசிய செம்புத் துகளுக்குப் பதில் வெள்ளி பூசிய அலுமினியத் துகளைக் கலந்த ரப்பர் உப்புத்தெளிப்பில் தெளிவாக மேம்பட்டு நிற்கிறது. இரண்டிலும் வெளியே தெரியும் உலோகம் ஒரே வெள்ளிதான். அப்படியிருந்தும் விளைவு மாறுவது, மின்னழுத்த வரிசையை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு நல்ல சான்று.

அடைப்பதா, வடியவிடுவதா, ஊதிவைப்பதா

கப்பலில் அன்றாடம் வேலை பார்ப்பவர்களிடையே உண்மையான வாதம் நடப்பது இங்கேதான்.

அடைப்பவர்கள் சொல்வது எளிது: நீர் வராவிட்டால் அரிப்பு வராது. ஓ-ரிங்கில் மெல்லச் சிலிக்கோன் கிரீஸ் தடவு, முறுக்கு, மேலே தன்னோடு தான் ஒட்டிக்கொள்ளும் ப்யூட்டைல் ரப்பர் டேப் சுற்று, அதன்மேல் வெயில் தாங்கும் வினைல் டேப் சுற்று. சுற்றும்போது கீழிருந்து மேலே போக வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்த கூரைபோல மேல்சுற்று கீழ்சுற்றின்மேல் படிந்து நீரை வெளியே தள்ளும். தலைகீழாகச் சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் நீரை ஏந்தும் வாய்க்கால். சீலன்ட் பூசுவதானால் புளிக்காடி வாசனை வரும் வகை கூடாது. இறுகும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும்.

வடியவிடும் கட்சி கேட்கும் கேள்வி: உள்ளே ஏற்கெனவே இருக்கும் காற்றை என்ன செய்வாய்? மூடிய குழாய் மூச்சு விடுகிறது. வெயிலில் 50 டிகிரிக்குச் சூடான குழாய் திடீர் மழையில் 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் சுமார் 8 விழுக்காடு குறையும். அந்த உறிஞ்சல் வருவது ஃபிளாஞ்சின் வெளிப்புறம் மழையில் நனைந்திருக்கும் அதே நேரத்தில். ஓ-ரிங்கில் மயிரிழை வழி இருந்தாலும் காற்றுக்குப் பதில் நீரே உள்ளே போகும். போன நீர் மறுநாள் ஆவியாகி, இரவில் குளிர்ந்த சுவரில் துளிர்த்து, வழிந்து, தாழ்வான வளைவில் தேங்கும். ஆகவே தாழ்ந்த இடத்தில் சிறு வடிதுளை வேண்டும் என்பது இவர்கள் வாதம். நுண்ணலை கசியாத அளவுக்குச் சிறிய துளை, மின்னோட்டத்தை அறுக்காத இடத்தில் போட்டால், அலைக்குத் தொந்தரவு அதிகமில்லை. ஆனால் நீர் போகும் துளைவழி உப்புக் காற்று வரும். தேங்கிய நீர் ரேடாரை உடனே முடக்கும், உப்புக் காற்று மெல்ல முடக்கும். வடிதுளை முதலாவதை இரண்டாவதாக மாற்றிக்கொள்கிறது என்று சொல்வதே நேர்மை.

மூன்றாவது கட்சி குழாய்க்குள் உலர்ந்த காற்றை வெளியைவிடச் சற்றே கூடிய அழுத்தத்தில் நிரப்பி வைக்கிறது. போர்க்கப்பல் ரேடார்களிலும் பெரிய செயற்கைக்கோள் நிலையங்களிலும் இது பழைய நடைமுறை. உலர்த்தும் கருவி காற்றின் பனிநிலையை -40 டிகிரி அளவுக்கு இறக்கி அனுப்பும். ஆன்டெனா முனையில் மைக்கா போன்ற மெல்லிய ஜன்னல் அழுத்தத்தைத் தாங்கும். கசிவு இருந்தால் காற்று வெளியே போகுமே தவிர நீர் உள்ளே வராது. அழுத்தம் கூடினால் பொறி பறப்பதும் குறையும். உயர் ஆற்றல் ரேடார்களில் பொறியை அடக்க சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவையும் நிரப்பினார்கள். புவி வெப்பமாக்கலில் அது கார்பன் டையாக்ஸைடைப் போல 23,000 மடங்குக்கு மேல் என்பதால் இப்போது அதை விட்டு விலகும் முயற்சி நடக்கிறது.

மூன்றில் வலுவானது மூன்றாவதே என்று கருத இடமிருக்கிறது. அதற்குக் காரணம் உலர்ந்த காற்று மட்டுமல்ல. அழுத்தம் ஒரு காவலாளி. கம்ப்ரசர் வழக்கத்தைவிட அடிக்கடி ஓடினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கீழே நிற்பவருக்கே தெரியும். அரிப்பு தொடங்குமுன் கம்பம் ஏறலாம். மற்ற எந்த முறையும் தன் தோல்வியைத் தானே அறிவிப்பதில்லை. ஆனாலும் இது உள்ளேதான் காக்கிறது. ஓ-ரிங்குக்கு வெளியிலுள்ள முகத்துக்கும் போல்ட்டுக்கும் டேப்பும் பூச்சும் இல்லாமல் முடியாது. வணிகக் கப்பலின் எளிய ரேடாருக்குக் கம்ப்ரசரும் அதன் பராமரிப்பும் கூடுதல் சுமை. உலர்த்தும் சிலிகாவை மாற்ற மறந்த கப்பலில் அந்தக் கருவியே ஈரக் காற்றை உள்ளே தள்ளும் பம்பாகிவிடும்.

தொடாமலே சேரும் இணைப்பு

முகங்கள் தொட வேண்டும் என்பதையே கேள்வி கேட்டவர்கள் உண்டு. சோக் ஃபிளாஞ்ச் அவர்கள் விடை. ஒரு முகத்தில் குழாய்வாயைச் சுற்றி, அதன் அகலச் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி, கால் அலைநீள ஆழத்தில் வட்டப் பள்ளம் வெட்டுகிறார்கள். எக்ஸ்-பேண்டில் அந்த ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியிலுள்ள குறுக்குச் சுற்று அரை அலைநீளம் கடந்து குழாய்வாயில் வந்து மீண்டும் குறுக்குச் சுற்றாகவே தோன்றும். முகங்களுக்கிடையே உண்மையில் உலோகம் தொடும் இடமோ மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாத புள்ளியில் விழும். அங்கே பூச்சு இருந்தாலும் சிறிது அரித்தாலும் அலைக்குப் பெரிதாகத் தெரியாது. போர்க்காலத்தில் எம்ஐடி கதிர்வீச்சு ஆய்வகத்தில் வளர்ந்த நுட்பங்களைத் தொகுத்த 28 தொகுதி நூல்வரிசையில் இந்த இணைப்புகளுக்கு விரிவான இடம் உண்டு.

அரிப்பைத் தடுப்பதற்குப் பதில் அரிப்பைப் பொறுத்துக்கொள்ளும்படி அமைப்பது என்ற இந்த மாற்றம், இந்தத் துறையின் மிக அறிவார்ந்த அடி. எல்லைகள் இரண்டு. சோக் குறிப்பிட்ட அதிர்வெண்ணைச் சுற்றியே நன்றாக வேலை செய்யும். ஒற்றை அதிர்வெண் ரேடாருக்குப் போதும், அகலப்பட்டைச் செயற்கைக்கோள் தொடர்புக்குப் போதாமல் போகலாம். அடுத்தது, பள்ளம் நீரையும் பிடித்துவைக்கும். பள்ளத்தில் நீர் தேங்கினால் அதன் மின்னாழம் மாறிக் கணக்கே குலைந்துவிடும். ஆகவே சோக் ஃபிளாஞ்சுக்கும் நல்ல ஓ-ரிங் வேண்டும். கேள்வி தள்ளிப்போகிறது, தீர்வதில்லை.

இணைப்பையே எடுத்துவிடுவது

இது புதிய யோசனைபோல் பேசப்படுகிறது, உண்மையில் இதுவே பழையது. டைப் 271 ரேடாரில் சிக்னலை நீண்ட தூரம் கொண்டுபோக வழியில்லாததால், கருவி அறையின் தலைக்கு மேலேயே ஆன்டெனாவை வைத்து, பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடி பதித்த விளக்குக்கூண்டு போன்ற உறையால் மூடினார்கள். இன்று அனுப்பு-ஏற்புக் கருவியை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்து, கீழே கேபிளில் தரவை மட்டும் அனுப்பும் ரேடார்கள் அதே இடத்துக்குத் திரும்பியிருக்கின்றன. நீண்ட ஓட்டம் தவிர்க்க முடியாத இடத்தில், நெளிவுள்ள நீள்வட்டச் செம்புக் குழாயை பாலித்தீன் உறையோடு ஒரே நீளமாக இழுத்து, இணைப்புகளை இரண்டு முனைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். விலை வேறு இடத்தில் வருகிறது: பழுதுபார்க்கக் கப்பலின் மின்தொழில்நுட்ப அதிகாரி காற்றிலும் ஆட்டத்திலும் கம்பம் ஏறியாக வேண்டும்; மின்னணுக் கருவி முழுவதும் வெயிலிலும் அதிர்விலும் நிற்க வேண்டும்.

கூண்டுச் சோதனையும் கடற்கரைச் சோதனையும்

இவற்றில் எது மேல் என்று யார் சொல்வது? பெரும்பாலான ஒப்பீடுகள் உப்புத்தெளிப்புக் கூண்டிலிருந்து வருகின்றன. 1914இல் முன்மொழியப்பட்டு 1939இல் ஏஎஸ்டிஎம் பி117 என்று தரநிலையான சோதனை அது: 35 டிகிரியில் 5 விழுக்காட்டு உப்புக் கரைசலை இடைவிடாமல் தெளிப்பது. கூண்டில் காய்தல் இல்லை, வெயில் இல்லை, மக்னீசியம் இல்லை, புகைபோக்கியின் கந்தகம் இல்லை. கடலில் இவை அனைத்தும் உண்டு. கந்தக டையாக்ஸைடைச் சேர்த்த மாற்றுச் சோதனைகள் பிறகு வந்தன. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5க்கு இறங்கியிருப்பது கம்பத்தின் மேலுள்ள அமிலப் படிவைக் குறைத்திருக்க வேண்டும்; இணைப்புகளின் ஆயுளில் அது எவ்வளவு தெரிகிறது என்பது தனியே ஆராயத் தக்கது.

கூண்டுக்கு எதிரே நிற்பவை கடற்கரை வெளிக்காட்டு நிலையங்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் கூரே கடற்கரையில் 1930களிலிருந்து நடந்த சோதனைகள், நீரோரத்திலிருந்து சில நூறு அடி தள்ளியதும் அரிப்பு பல மடங்கு குறைவதைக் காட்டின. நம் பக்கத்தில், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் கடற்கரையில் நெடுநாளாக உலோகத் துண்டுகளை வெளிக்காட்டி அளந்துவருகிறது. வெப்பமும் உப்பும் ஈரமும் ஒன்றுசேரும் அந்தக் கரை, குளிர்நாட்டுக் கடற்கரைகளைவிட நம் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கு நெருக்கமான அளவுகோல்.

இரண்டு வகைக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. தொங்கவிடுவது பெரும்பாலும் திறந்த தட்டைத் துண்டு. இணைப்பு என்பது மூடிய பிளவு, முறுக்கிய போல்ட், சூடாகிக் குளிரும் குழாய், அதிரும் கம்பம். தட்டைத் துண்டில் வென்ற பூச்சு பிளவுக்குள்ளும் வெல்லும் என்பதற்கு உறுதி கிடையாது.

எஞ்சி நிற்பவை

இதுவரை சொன்னவற்றை வைத்து, சில முடிவுகளுக்கு ஓரளவு தைரியமாக வரலாம். உலோகத் தேர்வும் பூச்சும் மட்டும் இணைப்பைக் காப்பதில்லை. ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அரிப்பின் அளவைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. உள்முகமும் வெளிமுகமும் இரண்டு வேறு சிக்கல்கள். உள்முகத்துக்கு உலர்ந்த அழுத்தக் காற்று அல்லது சோக் அமைப்பு, வெளிமுகத்துக்கு முறையாகச் சுற்றிய டேப்பும் பிரித்துவைத்த போல்ட்டும் என்று பிரித்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதாகத் தோன்றும் பல பரிந்துரைகள் வேறுவேறு பரப்புகளைப் பற்றிப் பேசுபவை என்று தெரிகிறது. புதிதாகக் கட்டும் கப்பலில் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே முதலில் செய்யத்தக்கது.

தீராதவையும் இருக்கின்றன. மூன்று இணைதிறன் குரோமியம் கீறலில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைவிட, ஆக்ஸிஜன் தீர்ந்த பிளவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே ஃபிளாஞ்சுக்கு வேண்டிய கேள்வி. ரேடாரின் செயல்திறன் கண்காணிப்பான் பெரிய வீழ்ச்சியைக் காட்டும்படி அமைந்தது. மெல்ல ஏறும் எதிரொலிப்பு ஆற்றலை மாதந்தோறும் குறித்துவைத்து அதன் போக்கிலிருந்து கெட்டுவரும் இணைப்பைக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனை நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த எதிரொலிப்பு வெப்பத்தோடும் நெகிழ்குழாயின் வளைவோடும் தானே மாறுவதால், அரிப்பின் அடையாளத்தை அதிலிருந்து பிரித்தெடுப்பது எளிதல்ல.

எல்லாவற்றிலும் கப்பலில் இருப்பவர்களைத் தினமும் தொடுவது ஒன்று உண்டு. நன்றாக மூடிய இணைப்பைச் சோதிக்க அதைத் திறந்தாக வேண்டும். திறந்தால் படிந்த ஓ-ரிங்கை மாற்ற வேண்டும், பூச்சின் மேல் புதிய கீறல் விழும், டேப்பைக் காற்றிலும் ஈரத்திலும் மறுபடி சுற்ற வேண்டும், கழற்றிய சில நிமிடங்களில் உப்புக் காற்று உள்ளே போய்விடும். திறக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உலர்துறைக்கு வரும்போதெல்லாம் திறந்து பார்ப்பதா, அறிகுறி தெரியும்வரை கைவைக்காமல் விடுவதா என்பதில் இரண்டு வழக்கங்களும் நடைமுறையில் இருக்கின்றன. இரண்டுக்கும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஒரே வகைக் கப்பல்களில், ஒரே வகை இணைப்புகளை இரண்டு விதமாகவும் பல ஆண்டுகள் பராமரித்து, கழற்றிய முகங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.